நிரல் பாடத்தில் காணாமற்போன பேக்ஸ்லாஷ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வரும் நிரலாக்கப் பாடங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். சென்ற வாரப் பாடத்தில், "அவர் \"வா\" என்றார்" என்று இருக்க வேண்டிய ஸ்ட்ரிங் (மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் எழுத்துத்தொடர்), உள்ளே வரும் மேற்கோள் குறி அதன் முடிவல்ல என்று காட்டும் இரண்டு பேக்ஸ்லாஷ்களும் (\) விடுபட்டு அச்சாகியிருந்தது. மேற்கோள் குறியில் தொடங்கிய ஸ்ட்ரிங் அடுத்த மேற்கோள் குறியோடு முடிந்துவிட்டதாகவே கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த வரியை அப்படியே தட்டச்சு செய்த மாணவருக்குப் பிழைச்செய்திதான் கிடைத்திருக்கும். போதாக்குறைக்கு, பக்க வடிவமைப்பு மென்பொருள் நேரான மேற்கோள் குறிகளை வளைந்தவையாக மாற்றியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் கம்பைலருக்கு அவை வெவ்வேறு எழுத்துகள்.

பிழைச்செய்தி வந்தால்கூடப் பரவாயில்லை, மாணவர் தேடித் திருத்திவிடுவார். பிழையே காட்டாமல் பொருள் மாறிப்போவதுதான் எனக்குக் கவலை தருகிறது. விண்டோஸில் ‘டெஸ்ட்’ என்ற ஃபோல்டருக்கான பாதையை ஆங்கிலத்தில் சாதாரண ஸ்ட்ரிங்காக எழுதினால், பேக்ஸ்லாஷும் அதை அடுத்து வரும் ‘டி’ எழுத்தும் சேர்ந்து ஒரு டேப் (அகன்ற இடைவெளி) ஆகிவிடும். கோப்பு கண்ணெதிரே இருக்க, நிரலோ கோப்பு இல்லை என்று சொல்லும். 2023-இல் வெளியான பைத்தான் மொழியின் 3.12 பதிப்பு, தனக்குத் தெரியாத எஸ்கேப்பை (பேக்ஸ்லாஷும் அடுத்த எழுத்தும் சேர்ந்த குறியை) கண்டால் எச்சரிக்கிறது. ஆனால் டேப் அதற்குத் தெரிந்த எஸ்கேப் என்பதால் இங்கே அந்த எச்சரிக்கையும் வராது.

தங்கள் பாடம் எஸ்கேப் குறிகளை அட்டவணையாகத் தந்ததோடு நின்றுவிட்டது. ஒரே ஸ்ட்ரிங்கை ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருள்கள் அடுத்தடுத்துப் படிக்கலாம் என்பதைச் சொல்லாமல் அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பதில் பயனில்லை. ஜாவா மொழியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைக் குறித்துத் தேடும் முறை) கொண்டு ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட நான்கு எழுத வேண்டியிருக்கிறது. கம்பைலர் நான்கை இரண்டாக்கிக் கொடுக்க, ரெகுலர் எக்ஸ்பிரஷன் அந்த இரண்டை ஒன்றாகக் கொள்கிறது. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு அட்டவணையே தேவைப்படாது. தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்விகளில், பயனர் தரும் பெயரையோ முகவரியையோ கையால் எஸ்கேப் செய்து ஒட்டக் கூடாது, பாராமீட்டராகவே (கட்டளையோடு கலக்காத தனி மதிப்பாகவே) அனுப்ப வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே கற்பித்துவிடுவது நல்லது. கையால் செய்யும்போது எஸ்கேப் செய்யாமல் விட்டுப்போகும் ஒரு மேற்கோள் குறி, அந்நியர் எழுதிய கட்டளையைத் தரவுத்தளம் இயக்குவதற்கு வழிவிட்டுவிடும்.

ஆகவே, திருத்தப்பட்ட வரியை அடுத்த பாடத்தின் தொடக்கத்திலேயே வெளியிடுமாறும், இனி நிரல் பகுதிகளுக்கு மட்டுமாவது மேற்கோள் குறிகளைத் தானாக வளைக்கும் வசதியை நிறுத்திவைத்து, அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு நிரலையும் பக்கத்திலிருந்தே நகலெடுத்து இயக்கிப் பார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்