காலை உணவின் பலனை வருகைப்பதிவு மட்டும் சொல்லாது

ஐயா,

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. அதன் பலன் என்றாலே வருகைப்பதிவு எவ்வளவு கூடியது என்றுதான் கேட்கிறோம். அது போதவே போதாது.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் விடியுமுன்னே மல்லிகை பறிக்கக் கிளம்பும் தாய்மார்கள் உண்டு. பள்ளியில் உப்புமாவும் சாம்பாரும் கிடைத்தால் அந்த வீட்டின் காலைப்பொழுதே மாறுகிறது. வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் அந்தத் தொல்லை குறையும். ஆனால் வயிற்றில் புழு இருந்தால் சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. குடற்புழு மாத்திரை கொடுத்தாலும், கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் புழு திரும்ப வந்துவிடும். சரி, இதில் கல்வித் துறையின் கணக்கு எது, சுகாதாரத் துறையின் கணக்கு எது?

ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைப் பிரித்துப் பிரித்து அளந்தால் உண்மை தெரியாது. ரத்தசோகை சில மாதங்களில் குறையலாம். வாசிப்புத் திறன் வளர வருடங்கள் ஆகும். எனவே சமைக்கும் மகளிர் குழுவினர், ஆசிரியர், கிராம செவிலியர், பெற்றோர் எல்லோரையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒன்றாக உட்காரவைத்து, ஒரே பள்ளியைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், திருமங்கலம்