எந்த விளையாட்டுத் துறை தாண்டியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்து விளையாட்டு நிர்வாகம் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘விளையாட்டுத் துறை பெரிய சேதமில்லாமல் தாண்டிவிட்டது’ என்று ஒரு வரி. ரொம்ப சந்தோஷம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெர்சி தைத்துப் பிழைக்கும் எனக்கு இதை யாரும் அப்போதே சொல்லவில்லை.

2020 ஐபிஎல்லை அமீரகத்தில் நடத்தினார்கள், ஸ்பான்சர் விவோ விலகியதும் அந்த இடத்துக்கு 222 கோடி ரூபாயோடு டிரீம்11 வந்தது, அந்த சீசன் ஐஎஸ்எல் கால்பந்து முழுக்கக் கோவாவில் ஆளில்லாத மைதானங்களில் நடந்தது, எல்லாம் சரி. டிவி பணம் வருகிறவர்களுக்குக் காலி கேலரி ஒரு பொருட்டில்லை. எங்களுக்கு அப்படியா? வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் கால்பந்து டோர்னமென்ட் நடந்தால்தான் ஜெர்சிக்காரனுக்கும், ஷீல்டு செய்கிறவருக்கும், ரெஃப்ரிக்கும், வாசலில் சுண்டல் விற்கிற அக்காவுக்கும் காசு. நாங்களெல்லாம் துறையில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

அந்த வருடக் கோடைப் போட்டிகளுக்கு மார்ச்சிலேயே பிரிண்ட் போட்டுத் தைத்துக் கட்டி வைத்திருந்தேன். நெஞ்சில் டீம் பெயர், அதற்குக் கீழே 2020. ஊரடங்கு வந்தது, அட்வான்ஸோடு சரி, மீதிப் பணம் வரவில்லை. அடுத்த வருடம் பையன்களைக் கேட்டால், “பழைய வருஷம் போட்டிருக்கேண்ணா, எப்படிப் போட்டுக்கிறது?” என்கிறார்கள். டோக்கியோவில் ஒலிம்பிக்ஸை 2021-ல் நடத்திவிட்டு 2020 என்றே பெயரை வைத்துக்கொண்டார்கள். அவர்களை யார் கேட்டது? என் சரக்கு கடைசியில் கிலோ கணக்கில் லாரி ஷெட்டுக்குப் போனது, எண்ணெய் துடைக்க.

ரஞ்சி நடக்காத அந்த சீசனுக்கு கிரிக்கெட் வாரியம் ஆட்டக்காரர்களுக்கு இழப்பீடாவது அறிவித்தது. எங்கள் பக்கத்து ரெஃப்ரி ஒருவர் டெலிவரி வண்டி ஓட்டப் போனவர்தான், இன்னும் விசிலைத் தொடவில்லை.

அப்புறம், எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராயபுரம் மண்டலத்தில் எத்தனை பேருக்குத் தொற்று என்று அப்போது தினமும் எண்ணிப் போட்டீர்கள். அதே ராயபுரத்து ஃபைனல் ரிசல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் இடமில்லை. எங்கள் பக்கத்துப் பெண் காசிமா 2024-ல் கேரம் உலக சாம்பியன் ஆன பிறகுதான் உங்கள் நிருபருக்குப் புதுவண்ணாரப்பேட்டைக்கு வழி தெரிந்தது. அதே வருடம் மாநகராட்சி ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. தங்களுக்குத் தெரியாததா? அதுவும் விளையாட்டு நிர்வாகம்தான். கட்டுரையாளருக்கு துபாய் வரை எட்டிய பார்வை வியாசர்பாடிக்கு எட்டவில்லை.

மறுப்பெல்லாம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களின் முடிவை திங்கட்கிழமை நாலு வரி போடுங்கள். டீம் பெயர், கோல் கணக்கு போதும். ராசிபலனுக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை. நானே எழுதிக் கொண்டுவந்து தங்கள் அலுவலக வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுகிறேன். உள்ளே விடமாட்டார் என்று தெரியும்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.