அண்ணாச்சி காலில் காவி பூசாதீர்

வே சுடலை,

இங்கே எல்லாரும் சுகம். மகள் கல்யாணப் பேச்சு அடுத்த கடுதாசியில். அண்ணாச்சி காலைப் பற்றி எழுதியிருந்தீரே, அதற்குத்தான் இந்த அவசரம்.

படுக்கும்போது ஒன்றுமில்லை, விடிந்தால் பெருவிரலோரம் எலுமிச்சங்காய் அளவு கொப்புளம். வலியில்லை, சுற்றிலும் சிவப்பில்லை, உள்ளே தெளிந்த நீர். இதை அக்கி என்று எவன்வே சொன்னான்? அக்கியாக இருந்தால் அண்ணாச்சி எரிச்சலில் தெருவையே கூட்டியிருப்பார். காவி எழுதக் கூட்டிப் போகாதீர். பூச்சுக்கு அடியில் சீழ் வைத்தாலும் வெளியே தெரியாது.

பார்த்தால் சர்க்கரைக் கொப்புளம் மாதிரிதான் இருக்கிறது. சீட்டில் புல்லோசிஸ் டயபெடிகோரம் என்று எழுதுவார்கள். அபூர்வம்தான், நெடுநாள் சர்க்கரையில் கால் மரத்தவர்களுக்கு வரும். நாம் கெடுக்காவிட்டால் 2 முதல் 6 வாரத்தில் பெரும்பாலும் வடுவில்லாமல் ஆறிவிடும். ஆனால் வெந்நீரோ பைக் சைலன்சரோ பட்டது மரத்த காலுக்குத் தெரியாமல் போயிருக்கலாம், அதையும் விசாரியும்.

சின்னதென்றால் குத்தவே கூடாது. செருப்பு உரசுகிற இடத்தில் பெரிதாக நின்றால் டாக்டர் புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுப்பார். மேல்தோலை மட்டும் உரிக்க விடாதீர். அதைவிட நல்ல கட்டு கடையில் கிடையாது. தினமும் நார்மல் சலைனால், அதாவது மருந்துக்கடை உப்புநீரால் கழுவி, ஒற்றி எடுத்து, புண்ணில் ஒட்டாத பாரஃபின் துணி வைத்து, மேலே காஸ் துணி சுற்றும். பஞ்சு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்திரியைத் தோலில் ஒட்டினால் எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும்; கட்டின் மேலேயே ஒட்டும். டெட்டால், மஞ்சள், வேப்பிலை அரைப்பு எதுவும் வேண்டாம். மதினியிடம் நான் சொன்னதாகவே சொல்லும், திட்டட்டும்.

நீர் கலங்கினால், சுற்றிச் சிவந்தால், நாற்றமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். உடம்பிலும் வாயிலும் கொப்புளம் கிளம்பி அரித்தால் அது வேறு நோய். வில்டாகிளிப்டின் மாதிரி சர்க்கரை மாத்திரைகளாலும் சிலருக்கு அது வருவதுண்டு. அவராக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அட்டையை டாக்டரிடம் காட்டும்.

மதினி முழங்காலுக்குக் கீழே பழுப்புப் புள்ளி என்றீரே, அதற்கு மருந்து தேவைப்படாது. மஞ்சளாக, மெழுகு பூசினாற்போல் மினுங்கி, நரம்பு தெரிகிற படை என்றால் மட்டும் தோல் டாக்டரிடம் காட்டும், அடிபட்டால் புண்ணாகிவிடும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வெறுங்காலோடு வடம் பிடிப்பேன் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நிற்பார். இந்த வருஷம் வாகையடி முக்கில் நாற்காலி போட்டு உட்கார வையும், காலில் எம்சிஆர் செருப்போடு, அதாவது சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்து ரப்பர் செருப்போடு.

பதில் போடும்வே.

உம்ம
பரமசிவன்