பழுதென்று நினைத்த சத்தம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் யோகன்,

நலம். உன் நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே வெயில் கொளுத்துகிறது. கடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஈயம் வைக்கக் குனிந்தால் வியர்வை பலகையில் சொட்டுகிறது. மற்றப்படி குறையில்லை. தங்கச்சியின் மகன் என்னோடுதான் இருக்கிறான், கைத்தொலைபேசி திருத்துகிறான். என்னுடைய றேடியோக்களைவிட அவனுடைய தொலைபேசிகள்தான் சோறு போடுகின்றன.

தொலைபேசியில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு இந்த வயதில் ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது.

மாசி மாதம் பழைய கசெற் டெக் ஒன்று திருத்தத்துக்கு வந்தது. இளைப்பாறிய உத்தியோகத்தர் ஒருவருடையது. பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக்கிடந்தது. உள்ளே ஒரு கசெற் சிக்கியிருந்தது, மேலே எழுத்து ஒன்றும் இல்லை. பெல்ட்டை மாற்றி, ஹெட்டைத் துடைத்து, அந்தக் கசெற்றையே சோதனைக்குப் போட்டேன். முதலில் நெஞ்சு துடிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு ஆறுதலான ஓர் ஆங்கிலப் பாட்டு. சரி, டெக் வேலை செய்கிறது என்று பீடி எடுக்கப் போனேன். பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கர் கிடுகிடுவென்று துடிக்கத் தொடங்கியது. ஒரே எட்டுச் சுரம், மூச்சுவிடாமல் சுற்றிச் சுற்றி ஓடியது. பில்டர் கண்டென்சர் போனால் பெட்டி இப்படித்தான் தானாகக் குமுறும் என்பது உனக்கும் தெரியும். என் கடை வாங்கில் எத்தனை பின்னேரம் இருந்து பார்த்திருக்கிறாய். கழற்றினேன். இரண்டு கண்டென்சர்களை மாற்றினேன். மறுபடி போட்டேன். அதே சத்தம். எர்த் வயரைப் பார்த்தேன், ஹெட் வயரைப் பார்த்தேன். மூன்றாம் முறை கோபத்தில் நிறுத்தாமல் விட்டுவிட்டேன். யாரோ மூச்சிரைக்க ஓடினார்கள், எதுவோ விழுந்து வெடித்தது, ஒரு கணம் அமைதி, பிறகு ஐம்பது மணிக்கூடுகள் ஒன்றாக அலறின. நான் பதறிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். என் கடை மணிக்கூடு நின்று ஒரு வருடமாகிறது.

மருமகன் தொலைபேசியை ஸ்பீக்கருக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, இது பழுதில்லை. பிங்க் ஃபுளொய்ட் என்ற றொக் குழுவின் பாட்டு. 1973இல் வந்த இசைத்தட்டு."

ஒரு பின்னேரம் முழுவதும் நான் பாட்டைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன், யோகன்!

வெட்கம் தீர்வதற்காகவே அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த எட்டுச் சுரம் ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும் சின்தி என்ற சின்தசைசரில், அதாவது மின்னால் ஒலி உண்டாக்கும் கருவியில் பிறந்தது. மெதுவாக அடித்துப் பதிந்துவிட்டு, ஓடும் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மணிக்கூட்டுச் சத்தங்களை அலன் பார்சன்ஸ் என்ற ஒலிப்பொறியாளர் பழம்பொருள் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து வைத்திருந்தாராம். மறுபக்கத்தில் காசைப் பற்றிய பாட்டு ஒன்று இருக்கிறது. சில்லறை விழும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம் என்று ஏழு துண்டு நாடாக்களை அடிமட்டத்தால் அளந்து வெட்டி ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். பிளேட்டும் செலோரேப்பும் வைத்து நான் ஒட்டிய நாடாக்களை நினைத்துக்கொண்டேன். அறுந்ததை ஒட்டத்தான் எனக்குத் தெரிந்தது. ஒட்டியே தாளம் உண்டாக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

தாளம் என்றதும் சொல்ல வேண்டும். அந்தக் காசுப் பாட்டுக்குத் தொடையில் தட்டிப் பார்த்தேன். நாலில் விழவில்லை. "தகிட தகதிமி" என்று தட்டினேன், அச்சொட்டாக வந்து உட்கார்ந்தது. மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கைத் தாளம்! கிற்றார் தனியாக வரும் இடத்தில் மட்டும் நாலுக்கு மாறிவிட்டு மறுபடி ஏழுக்குத் திரும்புகிறார்கள். வெள்ளைக்காரர் இதைப் பெரிய புதுமையாகப் பேசுகிறார்கள். உன் அப்பா கேட்டிருந்தால் சல்லரித் தாளத்தைத் தட்டிக்கொண்டே, "இதற்கா இவ்வளவு ஆரவாரம்?" என்றிருப்பார்.

இந்த வகை இசைக்குப் புரோகிரசிவ் றொக் என்று பெயர். இருபது நிமிடம் நீளும் பாட்டு, பாட்டுக்குள் நாலு பாட்டு. மருமகனுக்கு இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. நமக்கென்ன? வட்டக்களரியில் விடியவிடிய வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு ராசா வரவுத் தாளத்துக்கு ஆடி முடிப்பதற்குள் அவர்களுடைய ஒரு பாட்டு முடிந்துவிடும். ஆனால் எல்லாமே எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. யெஸ் என்ற குழு 1972இல் செய்த பதினெட்டு நிமிடப் பாட்டு அருமை. அடுத்த வருடமே நாலு பக்கத்துக்கு நாலே பாட்டு என்று இரட்டை இசைத்தட்டுப் போட்டார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. கூத்திலாவது இடையில் தேத்தண்ணீர் கிடைக்கும்.

என்னை உண்மையில் உலுக்கியது மின்னிசைதான். சண்டைக்காலத்தில் என் கடைக்கு வந்த றேடியோக்களை நினைத்துப் பார். எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு: "தம்பி, பிபிசி தமிழோசை எடுபடவில்லை, கூவுகிறது." பக்கத்து அலைவரிசை உரசும்போது எழும் கூவல், பெட்டி சூடேற நிலையம் நழுவிப்போவது, கரகரப்பு, இரைச்சல். நாற்பது வருடம் நான் இவற்றைக் கொன்றுதான் பிழைத்தேன். கூவல் இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் நல்ல தொழிலாளி. இப்போது பார்த்தால், நான் கொன்றதையெல்லாம் இவர்கள் வளர்த்திருக்கிறார்கள்.

பேர்லினில் டாஞ்சரின் ட்ரீம் என்று ஒரு குழு. 1974இல் வந்த ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் மூக் சின்தசைசரை ஓடவிட்டுப் பதிந்திருந்தார்கள். மெஷின் சூடேற, அதற்குள் ஒலியலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் சுருதியை விட்டு மெல்ல மெல்ல விலகிப் போனது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இரவு கடையைப் பூட்டிவிட்டு இருட்டில் இருந்து அதைக் கேட்டேன். சுருதி நழுவும் இடம் வந்ததும் என் கை தானாக ஸ்குரூட்ரைவரைத் தேடியது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்காதே. வீட்டுக்காரி அந்த நேரம் சாப்பிடக் கூப்பிட வந்து, கரண்ட் அடித்துவிட்டதோ என்று பயந்துபோனாள்.

இனி உன் குற்றத்துக்கு வருகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஜேர்மனியில் டுசில்டோர்ஃப் பக்கத்தில் இருக்கிறாய். க்ராஃப்ட்வேர்க் அந்த ஊர்க் குழு என்று ஒரு வார்த்தை சொன்னாயா? பெயரின் பொருளே மின்நிலையம். நீ பனியில் வேலைக்குப் போய்வரும் நெடுஞ்சாலையைப் பற்றி 1974இல் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் பாட்டுச் செய்திருக்கிறார்கள். கார்க் கதவு சாத்தும் சத்தத்தில் தொடங்குகிறது. அவர்களுடைய தாளக் கருவியைக் கேள்: உலோகத் தட்டுகள், கையில் வயர் பொருத்திய உலோகக் குச்சி, தொட்டால் சுற்று மூடிச் சத்தம் வரும். கோயில் தெருவில் நாம் செய்த அழைப்பு மணியின் அதே வேலை! நாம் மணியோடு நின்றுவிட்டோம்.

இன்னொன்று. நாம் மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்துப் போய்த் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துப் பாடுமீன் கேட்டது நினைவிருக்கிறதா? நீ கேட்டது என்றாய், நான் இல்லை என்றேன், சண்டை பிடித்தோம். எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரத் துரை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த வாவியில் அதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வு போன்றது, ஒரே நாதம் அல்ல, மிகச்சிறிய பல நாதங்கள் என்கிறார். படித்ததும் எனக்கு அந்த பேர்லின் இசைத்தட்டுத்தான் ஞாபகம் வந்தது. மீன் என்பார் சிலர், ஊரி என்ற நத்தை என்பார் சிலர். யாழ் நூலில் விபுலானந்த அடிகள் அதை நீரரமகளிர் பாட்டாகவே ஆக்கிவிட்டார்.

அதனால் ஒரு வேலை செய்தேன். பழைய பஸரில் இருந்து அதிர்வை மின்சாரமாக்கும் பீசோத் தகடு ஒன்றைக் கழற்றி, வயர் வைத்து, அரல்டைட் பசையால் மூடி, போன முழுநிலவுப் பறுவத்தன்று பழைய கல்லடிப் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் இறக்கினேன். மருமகன் தொலைபேசியில் பதிந்தான். கேட்டது பெரும்பாலும் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சடசடப்பு, இறால்களின் வேலையாக இருக்கலாம். பிறகு மோட்டார் படகு ஒன்று. அது போன பிறகு, மிக அடியில் ஏதோ ஒரு சுருதி, வந்ததோ வரவில்லையோ என்று சொல்ல முடியாத அளவுக்கு. வயரில் ஏறிய கரண்ட் இரைச்சலாகவும் இருக்கலாம். இந்த முறை நான் அதைப் பில்டர் போட்டு எடுக்கவில்லை. அனுப்பியிருக்கிறேன், ஹெட்போன் போட்டுக் கேள்.

டெக் உரியவரிடம் போய்விட்டது. கண்டென்சர் இரண்டுக்கும் காசு வாங்கவில்லை. அந்தக் கசெற்றை மட்டும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் வருவாய் என்று தங்கச்சி சொன்னாள். வருவதற்கு முன் எனக்காக ஒரு காரியம் செய். உன் நகரத்துப் பெரிய ரயில் நிலையத்துக்குக் கிட்ட மின்ட்ரோப் வீதியில் 16ஆம் இலக்கம் தேடிப் போ. க்ராஃப்ட்வேர்க்கின் பழைய ஸ்டூடியோ இருந்த இடம். உள்ளே போக வேண்டாம். வாசலில் ஐந்து நிமிடம் நின்று, தெருவில் என்னென்ன சத்தம் கேட்கிறது என்று எழுதி அனுப்பு.

உன்,
தவராசா