65-ஐ மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்

சமூக உளவியல் பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும்,

வணக்கம். ஸ்டான்லி மில்கிராமின் ஆய்வில், 'ஆசிரியர்' வேடத்தில் இருந்த பங்கேற்பாளர், அடுத்த அறையில் இருந்த 'கற்பவர்' பிழை செய்யும்போதெல்லாம் விசையை அழுத்தி மேலும் கூடுதலான மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று ஆய்வாளர் கட்டளையிடுவார். அதில் எத்தனை விழுக்காட்டினர் கடைசி விசை வரை போனார்கள் என்று கேட்டால், மாணவர்கள் தூக்கத்திலும் 65 என்பார்கள். எந்த ஏற்பாட்டில் என்று அடுத்த கேள்வி கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். குறை அவர்களிடம் இல்லை, நீங்கள் எழுதும் அத்தியாயத்தில் இருக்கிறது.

1963-இல் வந்த கட்டுரையின்படி, கலந்துகொண்ட ஆண்கள் 40 பேர். 450 வோல்ட் வரை போனவர்கள் 26 பேர். கருவியில் 30 விசைகள். 15 வோல்ட்டில் தொடங்கி, விசைக்கு விசை 15 வோல்ட் ஏறும். ஆய்வின் அச்சாணியே இந்தப் 15 தான், அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகராதீர்கள். 195-ஐ அழுத்தியவர் 210-இல் கையை எடுக்க நினைத்தால், 'அப்படியானால் 195-ஐ மட்டும் ஏன் கொடுத்தேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள நேரும். எந்தப் படியும் முந்தையதைவிடப் பெரிதாகத் தெரியாது. மின்னதிர்ச்சி பொய் என்று எழுதுகிறீர்கள், சரி. நம்பவைப்பதற்காகத் தொடக்கத்தில் 'ஆசிரியர்' வேடத்தில் இருந்தவருக்குக் கொடுத்த 45 வோல்ட் நிஜம் என்பதையும் எழுதுங்கள்.

இன்னொரு குழப்பம். அந்த முதல் ஏற்பாட்டில் அலறல் கிடையாது. 300 வோல்ட்டில் கற்பவர் சுவரைத் தட்டும் ஓசை, 315-இல் மறுபடியும், பிறகு ஒன்றுமே இல்லை. கற்பவரின் இதய நோய் முறையீடு பின்னால் வந்த ஏற்பாட்டுக்கு உரியது. பாடநூல்கள் இரண்டையும் ஒரே கதையாகக் கலந்துவிடுகின்றன.

உண்மையில் படிக்க வேண்டியது ஏற்பாடு மாறும்போது எண் எப்படி ஆடுகிறது என்பதைத்தான். கற்பவர் அதே அறையில் இருந்தால் 40 விழுக்காடு. அவர் கையைப் பிடித்து அதிர்ச்சி தரும் தகட்டில் அழுத்த வேண்டுமென்றால் 30. ஆய்வாளர் வெளியே போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டால் ஏறத்தாழ 21; அதிலும் சிலர் குறைந்த வோல்ட்டையே கொடுத்துவிட்டு, கூட்டிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். கூட இருந்த இருவர் மறுத்து எழுந்தால் 10. ஆய்வாளர்கள் இருவர் தங்களுக்குள் முரண்பட்டால் பூஜ்யம். விசையை வேறொருவர் அழுத்த, இவர் துணைவேலை மட்டும் பார்த்தால் 40-க்கு 37 பேர். இவ்வளவு இருக்க, இதை 'மனித இயல்பு' என்று ஒரு வரியில் முடிப்பது சோம்பேறித்தனம்.

'கீழ்ப்படிதல்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். தயங்கியவர்களுக்குச் சொல்ல நான்கு வாசகங்கள் இருந்தன. நான்காவதான 'வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்' என்பதுதான் பச்சைக் கட்டளை. ஜெர்ரி பர்கர் 2009-இல் வெளியிட்ட மறு ஆய்வில், நான்காவது வாசகம் வரை போன ஒருவரும் அதற்குப் பிறகு தொடரவில்லை. மில்கிராமின் ஆய்வில் 150 வோல்ட்டைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை போனார்கள் என்பதால், பங்கேற்பாளரை அதற்குமேல் வருத்தாமல் பர்கர் 150-லேயே நிறுத்திக்கொண்டார். நெறிமுறைப் பகுதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

சாலமன் ஆஷின் கோடுகளிலும் இதே கதை. அதில் ஒரு கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு எது என்று குழுவில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்; ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆய்வாளரின் ஆட்கள். 'மூன்றில் ஒருவர் கூட்டத்தோடு போனார்' என்று எழுதுவது தவறு. பிறர் வேண்டுமென்றே பிழையாகச் சொன்ன 12 சுற்றுகளில் வந்த விடைகளில்தான் ஏறத்தாழ 37 விழுக்காடு பிழை. நான்கில் ஒருவர் ஒருமுறைகூட மசியவில்லை.

ஆஷின் ஆய்வைச் செய்முறை வகுப்பில் செய்யலாம். மில்கிராமைச் செய்யக் கூடாது. 18 சுற்றுகள், ஏழு பேர், நிஜப் பங்கேற்பாளர் கடைசிக்கு முந்தைய இருக்கையில், மற்றவர்கள் முன்பே சொல்லிவைத்த கூட்டாளிகள். முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உடனே சந்தேகம் வரும். கோடுகளின் நீளம் நெருங்கிவிட்டால் ஆய்வே கெடும்: அப்போது அவர் பிறரிடமிருந்து தகவலைத்தான் எடுத்துக்கொள்கிறார், அழுத்தத்துக்குப் பணியவில்லை. அதனால் வேறு சிலரைத் தனியாக உட்காரவைத்து அதே அட்டைகளுக்கு எழுத்தில் விடை வாங்குங்கள். அங்கே பிழை ஏறக்குறைய இருக்கக் கூடாது. பெரும்பாலும் சொதப்புவது கூட்டாளிகளின் சிரிப்பு. முடிந்ததும் பங்கேற்பாளரைத் தனியே அழைத்து உண்மையைச் சொல்லுங்கள், எல்லோர் முன்னும் வேண்டாம்.

அடுத்த வினாத்தாளில் 'எத்தனை விழுக்காடு?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, இரண்டு ஏற்பாடுகளைக் கொடுத்து, எதில் எண் குறையும், ஏன் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சமூக உளவியல் செய்முறை வகுப்பு நடத்துவோர்