பிற்பாட்டுக்காரன் கையில் ஒரு கேம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கையில் பிடித்து விளையாடும் கேம் எல்லாம் பிள்ளைகளின் தலையைக் கெடுக்கிற சாமான், வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று போன கிழமை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு மாதத்துக்கு முதல் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். இப்ப ஏலாது, ஏனென்றால் 63 வயதில் நானே இரண்டு கிழமையாக விறாந்தையில் இருந்து ஒன்றை விளையாடிக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சுவிஸிலிருந்து லீவில் வந்த அக்காவின் மகன் பி.எஸ்.பி. என்கிற பழைய கையடக்கக் கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். சோனி 2004 கடைசியில் யப்பானில் விட்டது, இப்ப செய்வதே இல்லை. அதில் படாபொன் என்றொரு கேம். "மாமா, நீங்க கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடின ஆள்தானே, இதைப் பிடிச்சுப் பாருங்க" என்று கையில் தந்துவிட்டான். (பிற்பாட்டு என்றால் கூத்தர் பாடினதைப் பின்னுக்கு நின்று திருப்பிப் பாடுவது.)

திரையில், உடம்பே ஒரு கண்ணாக இருக்கிற குட்டிக் குட்டி உருவங்கள் ஈட்டியோடு நிற்கின்றன. நாம் மேளம் அடிக்க வேண்டும், அவை அதற்கு நடக்கும். நாலு பொத்தானுக்கு நாலு சொல்: சதுரம் பட்டா, வட்டம் பொன், முக்கோணம் சக்கா, பெருக்கல் குறி டொன். பட்டா பட்டா பட்டா பொன் என்று அடித்தால் முன்னுக்குப் போகும், பொன் பொன் பட்டா பொன் என்றால் எதிரியை அடிக்கும், சக்கா சக்கா பட்டா பொன் என்றால் தற்காத்து நிற்கும். நாம் நாலு அடி அடித்ததும் அடுத்த நாலு அடிக்கு அவை அதே சொல்லைத் திருப்பிப் பாடும். அப்படியே பிற்பாட்டு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் முதல் அரை மணித்தியாலம் என்னால் ஒரு கட்டமும் தாண்ட முடியவில்லை. அதுகள் திருப்பிப் பாடும்போது நாம் கையை வைக்கக்கூடாது, வைத்தால் சேர்த்த கணக்கெல்லாம் அறுந்துவிடும். எனக்கோ எதிர்ப்பாட்டு வந்தால் கூடச் சேர்ந்து கொடுத்தே பழக்கம், கை தன்பாட்டில் அடித்துவிடும். "மாமா, இப்ப அதுகள்ட முறை" என்று அவன் கத்திக் கத்தியே களைத்துப்போனான். பிறகு கண்ணை மூடிப் பார்த்தேன். தாளத்துக்குத் தாளம் திரையின் ஓரம் மின்னும்தான், ஆனால் காது கேட்டால் அது தேவையில்லை. பிசகாமல் தொடர்ந்து அடிக்க அடிக்க ஃபீவர் என்று ஒரு நிலை வரும், பாட்டே மாறி உசாராகும், அதுகளும் துள்ளும். சாமம் தாண்டிக் கூத்துக் களரி சூடேறுகிற நேரம் ஞாபகம் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு குறையும் இருக்கிறது. கேம் யாருக்காகவும் நிற்காது. கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியார் ஆட்டக்காரனின் காலைப் பார்த்துத்தான் மத்தளம் அடிப்பார். பொடியன் மூச்சு வாங்கினால் தாளக்கட்டு என்கிற தாளச் சொற்கோவையை இன்னொரு சுற்று ஓட விட்டு, அவன் கால் வந்து சேர்ந்த பிறகுதான் தீர்மானம் என்கிற முடிப்பு அடி வைப்பார், சபையில் ஒருவருக்கும் பிசகு தெரியாது. (அடுத்த நாள் பழக்கத்தில் பொடியனுக்குக் கிடைப்பது வேறு கதை.) இந்தப் பெட்டி பிந்தினால் பிந்தினதுதான் என்று விட்டுவிட்டுப் போகிறது.

இன்னொன்று, போனில் இந்த வகைக் கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு. மருமகனின் போனிலும் ஒன்று ஆடிப் பார்த்தேன், எவ்வளவு சரியாகத் தட்டினாலும் பிழை பிழை என்றே காட்டியது. காது போய்விட்டதோ என்று பயந்தே போனேன். பார்த்தால் புளூடூத் இயர்போனில் சத்தம் ஒரு இம்மி பிந்தி வருகிறதாம். வயர் உள்ளதை மாட்டினேன், சரியாகிவிட்டது.

சரி, நான் எழுத வந்தது இதற்குத்தான். யப்பான்காரர் தங்கள் தைக்கோ மேளத்தையே கேம் ஆக்கியிருக்கிறார்கள். 2001இல் முதலில் கடைகளில் காசு போட்டு விளையாடும் பெரிய பெட்டியாக வந்து, பிறகு கையடக்கக் கருவிகளுக்கும் வந்தது. தோலின் நடுவில் அடித்தால் டொன், விளிம்பில் அடித்தால் கா, அடிப்படை அவ்வளவுதான். எங்கள் மத்தளத்தில் எத்தனை சொல் இருக்கிறது, சல்லரித் தாளம் இருக்கிறது, கூத்து வகைகளில் வடமோடியில் தொடங்கித் தென்மோடிக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். கல்லடியில் விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்துப் படிக்கிற பிள்ளைகளும், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கணினி படிக்கிற பிள்ளைகளும் ஒரு மேசையில் இருந்தால் போனுக்கு ஒன்று செய்யலாமே. அது ஆட்டம் பழக்காது, அண்ணாவியாரும் ஆகாது. ஆனால் ரியூசன் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையின் விரலில் ஒரு தாளக்கட்டு ஏறிவிடும். தாளக்கட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

மருமகன் போகும்போது பெட்டியை எனக்கே விட்டுவிட்டுப் போனான். இப்ப பற்றறி ஊதி, பின்மூடி பூட்டுதில்லை. ஊதின பற்றறியைச் சாஜில் போடவேண்டாம் என்று சொல்லியிருப்பதால் கழற்றி வைத்திருக்கிறேன். நகரத்தில் இரண்டு கடை ஏறி இறங்கியாயிற்று, இல்லை என்கிறார்கள். கிடைக்கும் இடம் தெரிந்த வாசகர்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பழைய பிற்பாட்டுக்காரன்,
களுதாவளை.