அது அழுக்கில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில், "எனக்கும் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா, நீ போடுற அதே மாத்திரை" என்றாயே, எனக்குப் பேச்சே வரவில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) என்று மாதவிடாய் தள்ளிப்போவதற்கு எதற்குச் சர்க்கரை மாத்திரை? இன்று என் சர்க்கரை டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காவிட்டால், கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளுமாம். சர்க்கரை அளவு அப்போது சரியாகவே காட்டலாம். இன்சுலின்தான் ஏறிக் கிடக்கும். உடம்பு கேட்காத பேச்சைச் சினைப்பை மட்டும் நன்றாகக் கேட்டு, ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. மோவாயில் முடி, பரு, மூன்று மாதம் வராத தீட்டு எல்லாம் அதன் வேலை. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று போட்டிருப்பது உண்மையில் கட்டியே இல்லையாம்; முதிராமல் பாதியில் நின்ற கருமுட்டைப் பைகள். பேரைக் கேட்டுப் பயந்ததுதான் மிச்சம்.

அப்புறம் அவர் கேட்டார்: "பொண்ணுக்குப் பின்கழுத்துல கருப்பு உண்டா?"

நீ ஒன்பதாவது படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிணற்றடியில் உட்கார வைத்துக் கடலைமாவைப் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பேனே. தோல் சிவந்து நீ அழுவாய். ஒழுங்காகக் குளித்தால் என்ன என்று அதற்கும் திட்டுவேன். இன்சுலின் ஏறினால் தோல் அப்படித் தடித்துக் கருக்குமாம். எனக்கும் அதே கருப்பு உண்டு. தாலிச்சரடு உரசி வந்தது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னை அப்படித் தேய்த்தது இப்போது எனக்கு எரிகிறது.

மாத்திரையைச் சாப்பாட்டோடு போடு. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும். முதல் வாரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். பட்டினி கிடக்காதே. உன் 72 கிலோவில் நாலு கிலோ குறைந்தாலே தீட்டு ஒழுங்காக வர வாய்ப்பிருக்கிறதாம். ஒல்லியான பெண்களுக்கும் இது வருகிறதாம், அதனால் தின்றே வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று உன் அத்தை சொன்னதும் அப்படித்தான். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அந்த டெஸ்ட்டை உன் டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள். வெறும் வயிற்று அளவு மட்டும் போதாதாம். லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப் போடாதே. ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, டாக்டரிடம் காட்டுகிறேன்.

அம்மா